‘ஐ7, 3060, 750 வாட்’ என்று மட்டும் எழுதிய கொட்டேஷனை நம்பிக் கணினி வாங்காதீர்கள்

இராமநாதபுரம், மண்டபம், தங்கச்சிமடம், இராமேசுவரம் பகுதிகளிலும் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கத்திலும் வீடியோ எடிட்டிங்குக்காகவோ முப்பரிமாண வரைகலைக்காகவோ விளையாட்டுக்காகவோ, பாகங்களைத் தேர்ந்தெடுத்துச் சக்திவாய்ந்த டெஸ்க்டாப் ஒன்றைச் சேர்த்து வாங்க எண்ணியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாவட்டத் தலைநகரில் உள்ள ஒரு கடை என் தம்பிக்கு ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டு அசெம்பிள் செய்து கொடுத்த கணினியில், பேசிய பொருள் ஒன்றாகவும் உள்ளே இருந்த பொருள் வேறாகவும் இருந்தது. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. எந்த வழியில் ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

தம்பி மண்டபத்தில் வீட்டின் முன்னறையிலேயே திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுத்துப் பிழைக்கிறான். இப்போது வரும் கேமராக்கள் 4கே அளவில், 10 பிட் 4:2:2 என்ற நிறப்பதிவில், ஹெச்.265 வடிவில் பதிவு செய்வதால், பழைய கணினியில் டைம்லைன் நகரவே மறுத்தது. இந்தத் தேவையைக் கடையில் தெளிவாகச் சொல்லி, மாதிரிக் கோப்பு ஒன்றையும் காட்டியிருக்கிறான். அவர்கள் கொடுத்த கொட்டேஷனில் இருந்தவை இவ்வளவுதான்: ஐ7 12ஆம் தலைமுறை, அதற்கான மதர்போர்டு, 32 ஜிபி ரேம், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 750 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி), கேபினெட். கிராபிக்ஸ் கார்டில் எத்தனை ஜிபி என்று அவன் வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, “12 ஜிபிதாண்ணே, எடிட்டிங்குக்கு அதத்தான் போடுவோம்” என்று விற்பனையாளர் குரல்பதிவாகவே பதில் அனுப்பியிருந்தார். அந்தப் பதிவை அழிக்காமல் வைத்திருந்தது பின்னால் பெரிதும் உதவியது.

பாம்பன் ஏலக்கூடத்தில் ‘ஒரு கூடை மீன்’ என்று மட்டும் சீட்டு எழுதிக் கொடுத்தால் யாரும் பணத்தை எடுக்க மாட்டார்கள். விலை உயர்ந்த சீலாவும் மீன்தான், மலிவான சூடையும் மீன்தான் என்பது அங்கே சிறுவனுக்கும் தெரியும். கணினிக் கடைகளில் மட்டும் இப்படிப்பட்ட சீட்டுகள் செல்லுபடியாகின்றன.

கணினி வந்த சில நாட்களிலேயே, இறுதி வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும்போது திடீரென அணைந்து தானாகவே மறுபடி இயங்கத் தொடங்கியது. இணையம் பார்க்கும்போதோ கோப்புகளைப் படியெடுக்கும்போதோ ஒரு குறையும் இல்லை. செயலியும் கிராபிக்ஸ் கார்டும் ஒருசேர உழைக்கும் நேரத்தில் மட்டும் இப்படி நடந்தது. கடையைத் தொடர்பு கொண்டபோது, மண்டபம் பக்கம் வோல்டேஜ் சரியில்லை என்றார்கள். மின்பணியாளரை அழைத்து வந்து அளந்து பார்த்தோம். 230 வோல்ட்டை ஒட்டியே இருந்தது, எர்த் இணைப்பும் சரியாக இருந்தது. யுபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு நேரடியாகச் சுவர்ப் பிளக்கில் மாட்டிப் பார்த்தும் அதே கதைதான். பிறகு, கடற்கரை வீடுகளில் உப்புக் காற்றால் உள்ளே துரு பிடித்துவிடும், அதற்கு வாரண்டி கிடையாது என்று வேறொரு காரணம் சொன்னார்கள். உப்புக் காற்று கணினிக்குப் பகைதான். இங்கே இரும்பு ஜன்னலே நிலைப்பதில்லை. கணினிக்குள் இருக்கும் உலோகப் பகுதிகளில் அரிப்பு ஏறுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். துருவை வாரண்டியிலிருந்து விலக்கும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் புதுக் கணினி ஒன்று உப்புக் காற்றால் கெடுவதாக இருந்தால், எக்ஸ்போர்ட் போடும் நேரம் பார்த்து மட்டும் அணையாது.

பக்கத் தகட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் ஒட்டியிருந்த தாளைப் படித்த பிறகுதான் காரணம் விளங்கியது. பெரிய எழுத்தில் 750 என்று இருந்தது. ஆனால் அது வாட் கணக்கு அல்ல, மாடலின் பெயரில் சேர்த்திருந்த ஒரு எண். கீழே சிறிய அட்டவணையில் 12 வோல்ட் வரிசைக்கு நேராக 32 ஆம்பியர் என்று போட்டிருந்தார்கள். 12ஐ 32ஆல் பெருக்கினால் 384 வாட்தான் வருகிறது. இன்றைய கணினியில் செயலியும் கிராபிக்ஸ் கார்டும் இந்த 12 வோல்ட் தடத்திலிருந்தே மின்சாரம் எடுக்கின்றன. தம்பியின் கணினியில் இருந்த ஐ7 12700 வகைச் செயலி முழுவேகத்தில் 180 வாட் வரை இழுக்கும் என்று இன்டெல் நிறுவனமே குறிப்பிட்டுள்ளது. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170 வாட். இரண்டும் சேர்ந்தால் 350. விசிறிகள், மதர்போர்டு ஆகியவற்றின் பங்கும், கார்டு கண நேரத்துக்கு அதிகமாக இழுக்கும் மின்சாரமும் சேரும்போது 384 என்ற எல்லை தாண்டப்படுகிறது. அதுவும், பெயரில்லாத எஸ்எம்பிஎஸ்கள் தாளில் போட்டிருக்கும் அளவை முழுமையாகத் தருவதே அரிது. உண்மையான 750 வாட் சப்ளையில் 12 வோல்ட்டுக்கு நேராக 62 ஆம்பியர் அளவில் இருக்கும். கடையிலேயே பெட்டியைத் திருப்பிப் பார்த்து, இந்த ஒரு பெருக்கலைப் போட்டுவிடுங்கள். வேறு எதையும் பார்க்க நேரமில்லாவிட்டாலும் இதை விடாதீர்கள்.

‘கோல்டு’ என்ற சொல்லும் அப்படியே. 80 பிளஸ் கோல்டு என்பது, பாதிச் சுமையில், வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது 90 விழுக்காட்டை வீணாக்காமல் கணினிக்குத் தருவதைச் சோதித்து வழங்கப்படும் சான்று. அதைப் பெற்ற மாடல்களின் பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். தம்பிக்குக் கிடைத்ததில் அந்தச் சான்றின் முத்திரையே இல்லை. உறை மட்டும் பொன்னிறத்தில் இருந்தது. கேட்டதற்கு, கோல்டு என்றால் நிறத்தைச் சொன்னோம் என்று கடைக்காரர் கொஞ்சமும் தயங்காமல் பதில் சொன்னார்.

கணினியோடு 600 விஏ யுபிஎஸ் ஒன்றையும் ‘இதுவே தாராளம்’ என்று விற்றிருந்தார்கள். அந்த வகை யுபிஎஸ்கள் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். விஏ என்பதும் வாட் என்பதும் ஒன்றல்ல.

ஒரு பொருள் இப்படி இருந்ததால் மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதாயிற்று. கிராபிக்ஸ் கார்டைப் பொறுத்தவரை, ஆர்டிஎக்ஸ் 3060 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் இருக்கின்றன. 2021இன் தொடக்கத்தில் வெளிவந்தது 12 ஜிபி நினைவகமும் 192 பிட் நினைவகப் பாதையும் கொண்டது. 2022இன் இறுதிப் பகுதியில் அதே பெயரோடு 8 ஜிபி கார்டு ஒன்றும் வந்தது. அதன் பாதை 128 பிட்தான். நினைவகத்தோடு தரவு பரிமாறும் வேகம் நொடிக்கு 360 ஜிபியிலிருந்து 240 ஜிபியாகக் குறைந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் 3584 கோர்கள் (கணக்கிடும் அலகுகள்) இரண்டிலும் ஒன்றே என்பதால், கோர் எண்ணிக்கையைக் காட்டி இரண்டும் ஒன்றுதான் என்று சொல்வதற்கு இடமுண்டு. எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் நினைவக அளவும் பாதையின் அகலமும் தெரிந்துவிடும். தம்பியின் கார்டு 8 ஜிபி, 128 பிட் என்று அது காட்டியது. 4கே காட்சியில் இரைச்சல் நீக்கம் போட்டதும் ‘கிராபிக்ஸ் நினைவகம் நிரம்பிவிட்டது’ என்ற செய்தி வந்துகொண்டிருந்ததன் காரணமும் அதோடு புரிந்தது.

பெயரை வைத்து ஏமாற்றும் வழக்கம் இந்தக் கார்டோடு நிற்பதில்லை. ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 580 கார்டில் 2304 கோர்கள் இருக்க வேண்டும். 2048எஸ்பி என்ற சிறு குறிப்போடு சீனச் சந்தைக்கு வந்த கார்டில் இருப்பதோ அதற்குக் கீழ்நிலைக் கார்டான ஆர்எக்ஸ் 570இன் எண்ணிக்கையான 2048. என்விடியாவின் ஜிடி 1030இல் ஜிடிடிஆர்5, டிடிஆர்4 என்று இரு நினைவக வகைகள். இரண்டாவதன் நினைவக வேகம் முதலாவதன் பாதிகூட இல்லை. தயாரிப்பாளர்களே ஒரே பெயரை இரு பொருளுக்குச் சூட்டி இந்த வசதியைக் கடைகளுக்குச் செய்து கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

செயலியில் நடந்ததுதான் எனக்கு மிகவும் ஆத்திரமூட்டியது, ஏனென்றால் அதில் போனது ஓர் ஆங்கில எழுத்து மட்டுமே. தம்பிக்கு வந்தது 12700எஃப். எஃப் என்ற எழுத்து இருந்தால் செயலிக்குள் கிராபிக்ஸ் பகுதி இல்லை என்று பொருள். தனிக் கார்டு இருக்கும்போது அது எதற்கு என்று கடையில் கேட்டார்கள். விளையாட்டுக்கு மட்டும் கணினி வாங்குபவரிடம் அந்தக் கேள்வி நியாயமானதுதான். எடிட்டிங் செய்பவருக்கு அது பொருந்தாது. இன்டெல் செயலிகளின் உள்ளமை கிராபிக்ஸில் குவிக் சிங்க் என்ற பகுதி உண்டு. 12ஆம் தலைமுறையில் அது ஹெச்.265 10 பிட் 4:2:2 கோப்புகளை வன்பொருளிலேயே விரித்துக் கொடுத்துவிடும். ஆர்டிஎக்ஸ் 3060இல் அந்தத் திறன் இல்லை. என்விடியா கார்டுகளில் 50ஆம் வரிசையில்தான் அது சேர்க்கப்பட்டது. ஆகவே தம்பி கொண்டுபோய்க் காட்டிய அதே மாதிரிக் கோப்பை, இந்தக் கணினியில் இருக்கும் இரண்டு சில்லுகளுமே நேரடியாகக் கையாள முடியாது. சுமை முழுவதும் செயலியின் கோர்கள் மேல் விழுகிறது. எஃப் செயலியின் விலை குறைவு; அந்த வித்தியாசம் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

எஸ்எஸ்டியைக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் பார்த்தபோது, அது ஏற்கெனவே பல ஆயிரம் மணி நேரம் ஓடியிருப்பது தெரிந்தது. புதிய எஸ்எஸ்டியில் இந்த எண் சுழியத்தை ஒட்டியே இருக்கும். இந்தக் கணக்கையே அழித்துவிட்டு விற்பவர்களும் உண்டு என்பதால், வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டு வாரண்டி எப்போது தொடங்கியது என்றும் பார்த்துவிடுவது நல்லது. ரேமை இரண்டு 16 ஜிபியாகப் போடாமல் ஒற்றை 32 ஜிபியாகப் போட்டிருந்தார்கள். இது மோசடி அல்ல, ஆனால் இரண்டு தடங்களில் ஓட வேண்டிய நினைவகம் ஒரே தடத்தில் ஓடுகிறது. மதர்போர்டு ஹெச்610 வகை. அதில் எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 துளைக்குப் பிசிஐஇ 3.0 என்ற பழைய தரத்தின் வேகம்தான் கிடைக்கும். பி660 வகையில் 4.0 கிடைத்திருக்கும்.

இவ்வளவையும் மறைக்க உதவியது பில். ஜிஎஸ்டி 18 விழுக்காடு மிச்சமாகும் என்று சொல்லி, முதலில் பில் இல்லாமல் தருவதாகப் பேசியிருக்கிறார்கள். தம்பி பில் வேண்டும் என்று உறுதியாக நின்றதால் போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் அதில் ‘அசெம்பிள்டு கம்ப்யூட்டர் – 1’ என்ற ஒற்றை வரிதான் இருந்தது. பாகங்களின் மாடல் பெயரும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. பாகங்கள் வந்த அட்டைப் பெட்டிகளைக் கேட்டபோது, எல்லாவற்றையும் பொருத்தித்தான் தருகிறோமே, வெறும் பெட்டி எதற்கு என்று கடையிலேயே வைத்துக்கொண்டார்கள். மாடல் பெயரும் வரிசை எண்ணும் அச்சிட்ட தாள் அந்தப் பெட்டியில்தான் ஒட்டியிருக்கும். பெட்டியும் எண் எழுதிய பில்லும் இல்லாமல் தயாரிப்பாளரிடம் நேரடியாக வாரண்டி கேட்பது கடினம். அந்தச் சேவை மையங்களும் மதுரையிலோ சென்னையிலோதான் இருக்கின்றன. மூடிய பெட்டிகளை நம் கண் முன்னால் பிரித்துப் பொருத்தச் சொல்வதும், பெட்டிகளைக் கையோடு எடுத்து வருவதும், ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் பெயரையும் வரிசை எண்ணையும் பில்லில் எழுத வைப்பதும் கடைக்காரருக்குப் பிடிக்காமல் போகலாம். எழுத மறுத்தால் பணத்தை எடுக்காமல் திரும்பி வந்துவிடலாம்.

வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பிய பிறகு எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். கணினி அணைவது அன்றோடு நின்றது. கார்டுக்கு, ‘3060 என்றுதான் எழுதினோம், 3060தான் கொடுத்தோம்’ என்று பதில் வந்தது. செயலிக்கும் அதே பதில். எஸ்எஸ்டியைப் பற்றிப் பதிலே இல்லை. அதோடு, தம்பி கணினியைத் தொழிலுக்காக வாங்கியதால் அவன் நுகர்வோரே அல்ல என்றும் எழுதியிருந்தார்கள். இதைக் கேட்டு யாரும் பின்வாங்க வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை விலக்கினாலும், சுயதொழில் செய்து தன் பிழைப்பை நடத்துவதற்காகவே வாங்கித் தானே பயன்படுத்துபவரை அந்த விலக்கிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. முன்னறையில் உட்கார்ந்து ஒற்றை ஆளாக எடிட்டிங் செய்பவர் இதற்குள் வருவார் என்றே எங்கள் வழக்கறிஞர் கருதுகிறார்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தும் கடை அசையாததால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. கடை எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பதால், வெளியூரிலிருந்து வாங்கியவர்களுக்கும் இது பொருந்தும். கொட்டேஷன், ஒற்றை வரி பில், குரல்பதிவு, மென்பொருள்கள் காட்டிய விவரங்களின் படங்கள், எஸ்எம்பிஎஸ் தாளின் புகைப்படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறோம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே அந்தப் புகைப்படத்தை எடுத்துவிட்டோம். இப்படி ஒற்றை வரி பில்லோடு கணினி வாங்கி வைத்திருப்பவர்கள், வரிசை எண்களோடு புதிய பில் கேட்டு இப்போதே எழுத்தில் கடிதம் கொடுத்துவிடுங்கள். புகார் கொடுக்கச் சட்டம் தரும் காலம் இரண்டு ஆண்டுகள்.