ரேடியோ பட்டனுக்கு அழகு சேர்க்க நான்கு வழிகள்: எதை எடுப்பது, எதைத் தவிர்ப்பது

ஆன்லைன் கடையின் செக்அவுட் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். யூபிஐ, கார்டு, நெட் பேங்கிங், கேஷ் ஆன் டெலிவரி. நாலில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், ஆனால் நாலும் ஒரே பார்வையில் கண்ணில் பட வேண்டும், ஏனென்றால் டிராப்டவுனுக்குள் போட்டுவிட்டால் கேஷ் ஆன் டெலிவரி இருக்கிறதா இல்லையா என்பதே பலருக்குத் தெரியாமல் போகும். அதனால் ரேடியோ பட்டன், அதாவது ஒரு குழுவில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வைக்கும் சின்ன வட்டம். இதுவரை யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. டிசைனர் ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் அனுப்பிய வட்டமும் பிரவுசர் போடும் வட்டமும் ஒன்றாக இல்லை என்றதும்தான் டீமில் ஆளுக்கொரு வழி சொல்ல ஆரம்பிப்பார்கள்.

வழிகள் நான்கு. பிரவுசர் தரும் ரேடியோவை அப்படியே வைத்து நிறத்தை மட்டும் மாற்றுவது. அதே ரேடியோவின், அதாவது எச்டிஎம்எல் இன்புட் எலிமென்ட்டின், இயல்பான தோற்றத்தை நீக்கிவிட்டு நாமே வரைவது. இன்புட்டை மறைத்துவிட்டுப் பக்கத்தில் ஸ்பேன் என்ற வெறும் எலிமென்ட்டில் வட்டம் போடுவது. இன்புட்டே இல்லாமல் டிவ் என்ற வெறும் பெட்டியை வைத்து முழுவதையும் ஜாவாஸ்கிரிப்டில் கட்டுவது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தோற்றம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், உள்ளே உண்மையான ரேடியோ இன்புட் இருக்க வேண்டும்.

ஏன் என்று கேட்டால், மவுஸை ஒதுக்கிவைத்துவிட்டு கீபோர்டில் மட்டும் அந்தப் பக்கத்தைப் பயன்படுத்திப் பாருங்கள். டேப் அழுத்தினால் ஃபோகஸ் நேராகத் தேர்ந்தெடுத்திருக்கும் பட்டனில் வந்து நிற்கும். கீழ் அம்புக்குறியைத் தட்டினால் அடுத்ததற்குப் போவதோடு அதைத் தேர்ந்தெடுக்கவும் செய்யும். கடைசியில் இருந்து ஒரு தட்டு தட்டினால் சுற்றிக்கொண்டு முதலாவதற்கு வரும். மறுபடி டேப் அழுத்தினால் மொத்தக் குழுவையும் விட்டு வெளியே போய்விடும். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவருக்கு இது ரேடியோ பட்டன், நாலில் முதலாவது என்று காதில் விழும். ஃபார்ம் அனுப்பும்போது மதிப்பு தானாகப் போகும், கட்டாயம் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ‘ரிக்வயர்டு’ வேலை செய்யும், ரீசெட் வேலை செய்யும். இத்தனைக்கும் நாம் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட இல்லை. நாலையும் ஒரு குழுவாக்க எல்லாவற்றுக்கும் ஒரே ‘நேம்’ கொடுத்தோம், அவ்வளவுதான்.

முதல் வழியான ‘ஆக்சென்ட்-கலர்’, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் ஒற்றை வரி வேலை. குரோம் 93, ஃபயர்பாக்ஸ் 92 இரண்டிலும் 2021-லேயே வந்துவிட்டது, சஃபாரியில் 2022-ல் 15.4-உடன் வந்தது. உங்கள் பிராண்டு நிறத்தைக் கொடுத்தால் தேர்ந்தெடுத்த வட்டம் அந்த நிறத்துக்கு மாறும், ‘கலர்-ஸ்கீம்’ சரியாக வைத்திருந்தால் டார்க் மோடையும் பிரவுசரே பார்த்துக்கொள்ளும். ஆனால் அதோடு சரி. தேர்ந்தெடுக்காத வட்டத்தின் சாம்பல் கோடு, அதன் தடிமன், நடுப் புள்ளியின் அளவு எதுவும் நம் கைக்கு வராது. அட்மின் பேனல், அலுவலகத்துக்குள் ஓடும் ஃபார்ம் போன்றவற்றுக்கு இதற்கு மேல் போக வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து. அந்த நேரத்தை எரர் மெசேஜ்களைத் தெளிவாக எழுதச் செலவிடலாம்.

வாடிக்கையாளர் பார்க்கும் பக்கம், டிசைனை மாற்ற முடியாது என்றால் இரண்டாவது வழிதான் என் தேர்வு. ‘அப்பியரன்ஸ்: நன்’ என்று எழுதியதும் பிரவுசர் போட்ட தோற்றம் போய்விடும், இன்புட்டும் அதன் குணங்களும் அப்படியே இருக்கும். இனி வட்டத்தை எதை வைத்து வரைகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் துணுக்குகளில் பல ரேடியல் கிரேடியன்ட்டையோ உள்பக்க பாக்ஸ்-ஷேடோவையோ வைத்துப் புள்ளி போடுகின்றன. பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் விண்டோஸில் கான்ட்ராஸ்ட் தீம் (எழுத்தும் பின்னணியும் பளிச்சென்று வேறுபட்டுத் தெரியவைக்கும் அமைப்பு) போட்டிருப்பவர்களுக்கு பிரவுசர் இந்த இரண்டையுமே எடுத்துவிடுகிறது, அதாவது தேர்ந்தெடுத்த வட்டமும் தேர்ந்தெடுக்காத வட்டமும் அவர்கள் திரையில் ஒரே மாதிரி நிற்கும். பார்வைக் குறைபாடு உள்ள ஒருவர் பணம் கட்டும் பக்கத்தில் எதைத் தேர்ந்தெடுத்தோம் என்று தெரியாமல் இருப்பது எவ்வளவு மோசமான நிலைமை! பிரின்ட் எடுக்கும்போதும் இதே கதிதான். பிரவுசர்கள் வழக்கமாகப் பின்னணியை அச்சிடுவதில்லை, அதனால் காகிதத்தில் எல்லா வட்டமும் காலியாக வரும்.

பார்டரை வைத்து வரைந்தால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. அகலமும் உயரமும் 20 பிக்சல், ‘பாக்ஸ்-சைசிங்’ பார்டர்-பாக்ஸ், ஓரம் 50 சதவீதம் வளைவு, சாதாரண நிலையில் 2 பிக்சல் பார்டர். தேர்ந்தெடுத்ததும் பார்டரை 6 பிக்சலாக்கி நிறத்தை மாற்றுங்கள். நடுவில் மிஞ்சும் 8 பிக்சல் இடைவெளியே வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். கூடுதல் எலிமென்ட் வேண்டாம், சூடோ எலிமென்ட் வேண்டாம், கான்ட்ராஸ்ட் தீமில் நிறம் மாறினாலும் தடிமன் மாறாது, அச்சிலும் வரும். பலரும் பயன்படுத்தும் சிஎஸ்எஸ் தொகுப்பான பூட்ஸ்ட்ராப் 5-ம் இதே ‘அப்பியரன்ஸ்: நன்’ வழியில்தான் போகிறது, ஆனால் புள்ளியை எஸ்விஜி பின்னணிப் படமாக வைத்திருக்கிறது, அச்சில் காணாமல் போகாமல் இருக்கத் தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். பார்டருக்கு அந்தக் கூடுதல் வரி தேவைப்படாது.

இந்த வழியின் விலை ஒன்றுதான்: எல்லா நிலைக்கும் நீங்கள் பொறுப்பு. ஹோவர் (மவுஸ் மேலே நிற்பது), டிசேபிள்டு (தேர்ந்தெடுக்க முடியாதது), ‘ஃபோகஸ்-விசிபிள்’ (கீபோர்டால் வந்து நிற்பது) மூன்றையும் எழுதியாக வேண்டும். டிசைனில் ஃபோகஸ் நிலை வரைந்து தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். ஃபோகஸைக் காட்டும் அவுட்லைனை மட்டும் எடுத்துவிடாதீர்கள். தேர்ந்தெடுக்காத வட்டத்தின் கோட்டையும் மிக வெளிறிய சாம்பலில் விடாதீர்கள், பின்னணியோடு 3:1 கான்ட்ராஸ்ட்டாவது இருக்க வேண்டும்.

மூன்றாவது வழி ஒரு காலத்தில் வேறு கதி இல்லாமல் வந்தது. ‘அப்பியரன்ஸ்’ எல்லா பிரவுசரிலும் நம்பகமாக இல்லாத நாட்களில், இன்புட்டை மறைத்து, அது ‘செக்டு’ ஆனதும் பக்கத்து ஸ்பேனின் நிறத்தை மாற்றுவதுதான் ஒரே தந்திரம். இன்றும் பழைய ப்ராஜெக்ட்களில் நிறையப் பார்க்கலாம், ஆளுக்கொரு விதமாக மறைத்திருப்பார்கள். ‘டிஸ்ப்ளே: நன்’ போட்டு மறைத்திருந்தால் கீபோர்டால் அங்கே போகவே முடியாது. அதைவிடக் குழப்பமானது, அந்த இன்புட்டில் ‘ரிக்வயர்டு’ இருந்து பயனர் எதையும் தேர்ந்தெடுக்காமல் ஆர்டர் பட்டனை அழுத்தினால் குரோம் ஃபார்மையும் அனுப்பாது, எச்சரிக்கையையும் காட்டாது, ஏனென்றால் எச்சரிக்கைக் குமிழை மாட்ட அங்கே ஃபோகஸ் வாங்கும் இடமே இல்லை. கன்சோலைத் திறந்து பார்ப்பவருக்கு மட்டும் காரணம் தெரியும், வாடிக்கையாளருக்கு பட்டன் வேலை செய்யவில்லை என்றுதான் தோன்றும். ஒரு பிக்சலாகச் சுருக்கி ஓரத்தில் ஒதுக்கினாலும் சரியாகிவிடாது. போனில் ஆண்ட்ராய்டின் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக் போட்டு விரலால் திரையைத் தடவிப் பார்ப்பவருக்கு, வட்டம் இருக்கும் இடத்தில் ரேடியோ கிடைக்காது. மறைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், ஒபாசிட்டியைப் பூஜ்யமாக்கி, வரைந்த வட்டத்தின் மேலேயே அதே அளவில் பரப்பி வையுங்கள். ரியாக்ட் காம்பொனென்ட் லைப்ரரியான எம்யூஐ செய்வது இதைத்தான்.

டிவ் வழியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஸ்கிரீன் ரீடருக்கு இது ரேடியோ என்று சொல்லும் ரோல், தேர்வானதா என்று சொல்லும் ‘ஆரியா-செக்டு’, டேப் வந்து நிற்க ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மட்டும் டேப்இண்டெக்ஸ் பூஜ்யம், அம்புக்குறிகள், ஸ்பேஸ், ஃபார்முக்கு மதிப்பு கொண்டுபோக மறைத்துவைத்த இன்புட் என்று மேலே இலவசமாகக் கிடைத்தவற்றை எல்லாம் மறுபடி கட்ட வேண்டும். ராடிக்ஸ் மாதிரியான லைப்ரரிகள் பட்டன் எலிமென்ட்டுக்கு ரேடியோ ரோல் கொடுத்து இவற்றைப் பொறுப்பாகச் செய்கின்றன, ஃபார்முக்குள் இருந்தால் உள்ளே ஓர் உண்மையான இன்புட்டையும் வைக்கின்றன. டீம் ஏற்கனவே அதைப் பயன்படுத்துகிறது என்றால் தாராளமாகத் தொடருங்கள், ஆனால் நாலு வட்டத்துக்காக மட்டும் அதைப் புதிதாகக் கொண்டுவர வேண்டாம்.

அப்புறம், எந்த வழியில் போனாலும் கடிக்கும் பிரச்சினை ஒன்று உண்டு. டெலிவரி முகவரிக்கு வீடா அலுவலகமா என்று கேட்கிறீர்கள், பில்லிங் முகவரிக்கும் அதே காம்பொனென்ட்டை மறுபடி போடுகிறீர்கள், இரண்டிலும் ‘நேம்’ ஒன்றே. ஒரே ஃபார்முக்குள் இருப்பதால் பிரவுசருக்கு அது நாலு பட்டன் கொண்ட ஒரே குழு. கீழே அலுவலகத்தைத் தொட்டால் மேலே தேர்ந்தெடுத்திருந்த வீடு போய்விடும். ரியாக்ட் 18-ல் இருந்து தனித்தனி அடையாளம் உருவாக்கித் தரும் ‘யூஸ்-ஐடி’ இருக்கிறது, நேமை அதில் உருவாக்கலாம். ஃபார்மை பிரவுசரே சர்வருக்கு அனுப்புகிறது என்றால் அர்த்தமுள்ள பெயரை ப்ராப்பாக (காம்பொனென்ட்டுக்குக் கொடுக்கும் மதிப்பாக) வெளியிலிருந்து வாங்குங்கள். ‘வேல்யூ’ கொடுக்க மறந்தால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் சர்வருக்கு ‘ஆன்’ என்று மட்டும்தான் போய்ச் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, செக்அவுட் பக்கத்துக்கே வருவோம். இப்போது பெரும்பாலும் அட்டை அட்டையாகத்தான் டிசைன் வருகிறது: இடது பக்கம் வட்டம், நடுவில் யூபிஐ என்ற எழுத்து, வலது பக்கம் லோகோ, தேர்ந்தெடுத்த அட்டைக்குத் தனி நிறத்தில் ஓரம். முன்பு இந்த ஓரத்துக்காகவே பலர் மூன்றாவது, நான்காவது வழிக்குப் போனார்கள், ஏனென்றால் உள்ளே இருக்கும் இன்புட்டின் நிலையை வைத்து வெளியே இருக்கும் அட்டையின் நிறத்தை அப்போது சிஎஸ்எஸ்ஸால் மாற்ற முடியவில்லை. உள்ளே இருப்பதைப் பார்த்து வெளி எலிமென்ட்டைத் தேர்ந்தெடுக்கும் ‘ஹேஸ்’ செலக்டர் வந்தபிறகு அந்தக் காரணம் போய்விட்டது. 2023 டிசம்பரில் ஃபயர்பாக்ஸ் 121-ல் வந்ததோடு முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. அட்டை முழுவதையும் லேபிளாக்கி அதற்குள் இன்புட்டை வைத்தால் அட்டையில் எங்கே தொட்டாலும் தேர்வாகும். வட்டத்தை மட்டும் குறிபார்த்துத் தொடச் சொல்வது, பஸ்ஸில் நின்றுகொண்டு ஒரு கையால் ஆர்டர் போடுபவருக்குப் பெரிய சிரமம். நாலு அட்டையையும் ஃபீல்ட்செட் என்ற குழு எலிமென்ட்டுக்குள் போட்டு, அதன் தலைப்பான லெஜண்டில் ‘பணம் செலுத்தும் முறை’ என்று எழுதிவிடுங்கள்.

சில பின்கோடுகளுக்கு கேஷ் ஆன் டெலிவரி கிடையாது என்றால் அந்த ரேடியோவை டிசேபிள் செய்வது வழக்கம். டிசேபிள் ஆனதை அம்புக்குறி தாண்டிப் போய்விடும், ஆகவே ஸ்கிரீன் ரீடரில் டேப்பும் அம்புக்குறியுமாக நகர்பவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போகலாம். காரணத்தை மங்கலான அட்டைக்குள் எழுதினால் அவருக்குப் போய்ச் சேராது, லெஜண்டுக்குக் கீழே ஒரு வரியாக எழுதி, ‘ஆரியா-டிஸ்கிரைப்டு-பை’ மூலம் ஃபீல்ட்செட்டோடு இணையுங்கள்: “இந்தப் பின்கோடுக்கு கேஷ் ஆன் டெலிவரி வசதி இல்லை.”