வானொலிப் பேச்சுப் பயிற்சி: தரை ஒத்திகையா, கோபுர அலைவரிசையைக் கேட்பதா?

முதன்முறை தனியாகப் பறப்பதற்கு முன், பயிற்றுநருடன் தரையில் பேசிப் பழகுவதா, விமானத்தளக் கட்டுப்பாட்டுக் கோபுரம் விமானிகளுடன் பேசும் அலைவரிசையைக் கேட்பதா, எதில் நேரம் செலவிடுவது என்று மாணவ விமானிகள் பலர் தடுமாறுகிறார்கள்.

செலவு: ஒத்திகைக்குப் பயிற்றுநரும் விமானத்தள வரைபடமும் போதும். கேட்பதற்கு ரிசீவர் வேண்டும். சில நாடுகளில் அதற்குச் சட்டத் தடையும் உண்டு.

பிழை திருத்தம்: இங்கே ஒத்திகைதான். 'ரன்வே 27-க்கு முன் நில்லுங்கள்' என்பதற்கு வெறும் 'ரோஜர்' (செய்தி கிடைத்தது) என்றால் பயிற்றுநர் அங்கேயே நிறுத்துவார்: ரன்வே எண்ணையும் விமானத்தின் அழைப்புப் பெயரையும் திருப்பிச் சொல்லவில்லையே. கேட்பவரோ வாயே திறப்பதில்லை.

வேகம்: கேட்பதே மேல். இருவர் ஒரே நேரத்தில் பேசி இரண்டுமே புரியாமல் போவதை ஒத்திகையில் காட்டுவது கடினம்.

ஒளிச் சைகை: வானொலி செயலிழந்தால் கோபுரம் நிற விளக்கால் காட்டும் சைகை இது. அலைவரிசை இதைக் கற்பிக்காது. நிறத்தாள் ஒட்டிய டார்ச்சைக் காட்டி, 'தரையில்', 'பறக்கையில்' என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். பெரும்பாலும் குழப்புவது மின்னும் பச்சை. தரையில் அது டாக்சி செய்ய (விமானத்தைத் தரையில் ஓட்டிச் செல்ல) அனுமதி. பறக்கையில், தரையிறங்கத் திரும்பி வா என்று பொருள். இறங்கும் அனுமதி அதன்பின் வரும் நிலையான பச்சைதான். பகலில் இறக்கையை அசைத்துப் பதில் தர வேண்டும். டிரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்கு விமானத்தின் குறியீட்டை அனுப்பும் கருவி) வானொலி செயலிழப்பைக் குறிக்கும் 7600 வைப்பதையும் சேர்த்தே பழக்குங்கள்.

மைக்கைப் பிடித்ததும் நா வறள்பவருக்கு முதலில் ஒத்திகை. பேச வந்தும் கோபுரத்தின் வேகம் பிடிபடாதவருக்கு, தினமும் 15 நிமிடம் கேட்பது.