தக்கலை பக்கம் ஹோம்ஸ்டே, குமரி மாவட்டத்துல மலையும் கடலும்: ரிவ்யூ

கன்னியாகுமரி போறவங்க முக்காவாசிப் பேரு கடற்கரை ஓரமா லாட்ஜ் போட்டு, சூரிய உதயம் பாத்து, போட்ல பாறைக்கு போய்ட்டு மத்தியானமே கிளம்பிடுறாங்க. தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. மாவட்டத்தோட மேற்கு பக்கம் பாக்கணும்னா தக்கலை, குலசேகரம் பக்கம் தங்கணும். நாங்க தக்கலைக்கு உள்ள தள்ளி ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல ஒரு ஹோம்ஸ்டேல குடும்பமா தங்குனோம், அங்கருந்து திற்பரப்பு அருவியும் கிட்ட, முட்டம் கடலும் கிட்ட.

ரூம் சுத்தம். ஆனா சாயங்காலம் ஆனா கொசு பிச்சு எடுக்குது, கொசுவலை கேட்டு வாங்கிக்கோங்க. சாப்பாடு தான் ஹைலைட். மரச்சீனிக் கிழங்க (அதான் மரவள்ளி) அவிச்சு மசிச்சு, கூட நெத்திலி அவியல், தேங்காயும் மாங்காயும் போட்டு மீன் முழுசா உடையாம இருந்துச்சு. வீட்டுக்கார அம்மா "இன்னும் கொஞ்சம் வைக்கட்டா மக்களே"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க, எங்க பையன் மீனே தொடமாட்டான், அவனே ரெண்டாவது தடவை வாங்குனான்.

மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு காலைலயே போய்டுங்க. 1966ல கட்டுனது, 115 அடி உயரம், பறளியாத்துக்கு மேல ஒரு மலைலருந்து எதிர் மலைக்கு பாசனத் தண்ணி போகுது. நடக்குறப்ப ஒரு பக்கம் தொட்டில தண்ணி சலசலன்னு ஓடுது, இன்னொரு பக்கம் எட்டிப் பாத்தா தென்னை மரத்தோட உச்சியெல்லாம் நம்ம காலுக்கு கீழ இருக்கு. காத்து நல்லா அடிக்கும், சின்னப் புள்ளைங்க கைய விட்றாதீங்க. சிதறால் மலையும் விடாதீங்க, பாறைல சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையா இருக்கு, ஏறுறதுக்கும் பெருசா கஷ்டம் இல்ல.

திற்பரப்புல கூட்டம், ஆனா குளியல் சூப்பர். பேச்சிப்பாறை அணைல தண்ணி அதிகமா தொறந்துட்டா குளிக்க தடை போட்டுருவாங்க, அதனால கிளம்புறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்கோங்க. முட்டத்துல செம்மண் மேடு, கலங்கரை விளக்கம், பெரிய பெரிய பாறைன்னு உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கலாம், கடல்ல மட்டும் இறங்காதீங்க, அலை ரொம்ப மோசம், பாறையும் வழுக்கும்.

ஒரே கோவம் கார்காரங்க மேல தான். பேசுன ரேட்டு ஒண்ணு, கடைசில "மலைப்பாதை எக்ஸ்ட்ரா"ன்னு கேட்டு வாங்குனது ஒண்ணு. பார்க்கிங், டோல், மலைப்பாதை எல்லாம் சேத்து தானான்னு வாட்ஸப்ல எழுதி வாங்கிக்கோங்க. ஹோம்ஸ்டேக்கு தாராளமா 4 ஸ்டார் கொடுக்கலாம், காருக்கு 2 தான்.

பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைல பக்கத்துலயே தான் இருக்கு, திங்கக்கிழமை லீவு, அதுக்கு தக்க பிளான் போடுங்க. செப்டம்பர்ல போனா அருவில தண்ணியும் இருக்கும், வெயிலும் ரொம்ப வாட்டாது.