என்.ஐ. யூ.எஸ்.பி-6211: நேரம் அளக்க எவ்வளவு நம்பலாம்?

சிக்னல்களை அளந்து கணினிக்கு அனுப்பும், என்.ஐ. (நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்) நிறுவனத்தின் கருவி இது; அனலாக் உள்ளீட்டுக்காக வாங்கப்படுவது. ஆனால் இதன் அருமை உள்ளிருக்கும் இரண்டு 32-பிட் கவுன்டர்களில்தான். சிக்னலின் ஓர் அலைக்குள் உள் கடிகாரம் எத்தனை முறை துடிக்கிறது என்று இவை வன்பொருளிலேயே எண்ணுவதால், மென்பொருள் தாமதம் அளவீட்டைத் தொடுவதே இல்லை. 80 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு எண்ணிக்கை 12.5 நானோவினாடி.

அந்த எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். கடிகாரத்தின் துல்லியம் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு). அலைநேரம் (ஓர் அலை எடுக்கும் நேரம்) 250 மைக்ரோவினாடியைத் தாண்டினால் இந்தக் கடிகாரப் பிழையே பெரிது. அதற்குக் கீழே ±1 எண்ணிக்கைப் பிழை ஓங்கும்: 100 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலைக்கு 800 எண்ணிக்கைதான், அதாவது 0.125% பிழை. பல அலைகளைச் சேர்த்து அளந்தால் இது குறையும். ஆனால் அதற்கு இரு கவுன்டர் முறையைத் தேர்ந்தால் கருவியின் இரண்டு கவுன்டர்களும் அதிலேயே முடங்கிவிடும்.

80 மெகாஹெர்ட்ஸில் சுமார் 53.7 வினாடியில் கவுன்டர் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பும். மெதுவான சிக்னலுக்கு 20 மெகாஹெர்ட்ஸ் அல்லது 100 கிலோஹெர்ட்ஸ் கடிகாரம் போதும்.

அதிகம் தொல்லை தருவது விளிம்புதான், அதாவது சிக்னல் ஏறும் அல்லது இறங்கும் இடம். மெதுவாக ஏறும் சிக்னலில் இரைச்சல் கலந்தால் ஒரே விளிம்பு பலமுறை எண்ணப்படும். முன்னால் ஒரு 74எச்சி14 ஷ்மிட் டிரிகர் (இரைச்சலைப் பொருட்படுத்தாமல் விளிம்பைக் கூர்மையாக்கும் சில்லு) வையுங்கள். உள்ளமைந்த வடிகட்டியும் (125 நானோவினாடி, 6.425 மைக்ரோவினாடி, 2.56 மில்லிவினாடி) உதவும், ஆனால் துடிப்பின் அகலம் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையேல் துடிப்பே காணாமல் போகும்.

அதே நிறுவனத்தின் விலை குறைந்த யூ.எஸ்.பி-6008 இதற்கு மாற்றாகாது; அதன் ஒரே கவுன்டர் இறங்கு விளிம்புகளை எண்ண மட்டுமே செய்யும்.