சேஜ்: விதையா, நர்சரிச் செடியா, குச்சியா?

மொட்டை மாடியில் சேஜ் (மேல்நாட்டுச் சமையலில் வாசனைக்குப் போடுகிற இலைச் செடி) வைக்கப் போகிறேன், எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். இரண்டு வழியில் கையைச் சுட்டுக்கொண்டு மூன்றாவதுக்கு வந்தவன் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குச்சிதான். தெரிந்தவர் வீட்டுச் செடியிலிருந்து நாலு குச்சி கிடைத்தால் மற்ற இரண்டையும் யோசிக்கவே வேண்டாம். நான் சொல்வது கோயம்புத்தூர் மாடிக்கான கணக்கு. சென்னைப் புழுக்கத்தில் வளர்த்ததில்லை, அங்கே இன்னும் கொஞ்சம் கஷ்டப்படும் என்றுதான் நினைக்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மத்தியதரைக் கடல் பக்கத்து வறண்ட பாறைச் சரிவில் வளர்கிற செடி இது. ஆறு மணி நேர வெயில் வேண்டும், தண்ணீர் வடிந்து ஓடுகிற மண் வேண்டும், மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். நான் செம்மண்ணும் மணலும் சம பங்கு, மண்புழு உரம் அதில் பாதி என்று கலக்கிறேன். மண் தொட்டி நல்லது. அவ்வளவுதான்.

விதையை ஒரே ஒரு தடவைதான் போட்டுப் பார்த்திருக்கிறேன், அதனால் என் தீர்ப்பை முழுசாக நம்ப வேண்டாம். குழித்தட்டில் இருபது விதை, இரண்டு வாரம் கழித்து ஏழு முளைத்தது, அதில் இரண்டு மட்டும் ஆளானது. சேஜ் விதைக்கு ஆயுசு குறைவு, பாக்கெட் பழசாக ஆக முளைப்பு குறைந்துகொண்டே போகும். முளைத்தாலும் முதல் வருடம் இலையைக் கிள்ள மனசு வராது, செடி அவ்வளவு சின்னதாக இருக்கும். ஊதா இலை, மூவண்ண இலை என்று அழகு ரகங்கள் வேண்டுமென்றால் விதைப் பேச்சே கூடாது, தாயின் நிறம் விதையில் அப்படியே வராது.

நர்சரிச் செடி சுலபம் மாதிரி தெரியும். நானும் அப்படித்தான் ஊட்டியிலிருந்து ஒன்றை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். மலைக் குளிரில் வளர்ந்த செடியைப் பங்குனி வெயிலில் நேராக மாடியில் வைத்தது என் தப்பு, ஆனால் அதைக்கூட அது தாங்கிவிட்டது. ஐப்பசி மழையைத்தான் தாங்கவில்லை. வாங்கும்போதே வேரைச் சுற்றி வெறும் தென்னை நார்க்கழிவு, அதை உதிர்க்காமல் அப்படியே தொட்டியில் இறக்கியிருந்தேன். மேல்மண் காய்ந்திருக்கும், உள்ளே பஞ்சு மாதிரி ஈரம். இலை தொங்கியது, தாகம் என்று நினைத்து இன்னும் ஒரு சொம்பு ஊற்றினேன். ஒரு வாரத்தில் அடி இலையெல்லாம் கறுத்தது. பிடுங்கிப் பார்த்தால் வேரின் தோல் உறை மாதிரி கையோடு கழன்று வந்தது, உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் மிச்சம். ஆகவே வாங்குபவர்கள் அந்த நார்க்கழிவை முடிந்தவரை உதிர்த்துவிட்டு நடுங்கள்.

சரி, குச்சி ஏன்? சீக்கிரம் வளரும், காசு இல்லை என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். சேஜ் நிரந்தரமான செடி இல்லை, விஷயமே அதுதான். நன்றாக ஒத்துப்போகிற ஊரிலேயே மூன்று நான்கு வருடத்தில் அடித்தண்டு மரமாகி, நடுவில் இலை இல்லாமல் மொட்டையாகிவிடும், புதுச் செடி வைத்துக்கொள்வார்கள். செம்பருத்தியை மொட்டையடித்தால் சிலிர்த்துக்கொண்டு வரும் அல்லவா, அதே நினைப்பில் விதையில் வந்த இரண்டில் ஒன்றை அடியோடு வெட்டினேன். இலை இல்லாத மரத்தண்டிலிருந்து துளிர் வருவது அபூர்வமாம், எனக்கும் வரவில்லை. பச்சைத் தண்டு இருக்கிற இடம் வரைதான் கத்தரி போக வேண்டும். எனவே முதல் செடி எப்படி வந்தது என்பதைவிட அது போனால் அடுத்தது கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. குச்சி வைக்கத் தெரிந்தவனிடம் எப்போதும் இருக்கும்.

கோத்தகிரியில் அத்தை வீட்டுச் செடியிலிருந்து ஐந்து குச்சி, ஈரச் செய்தித்தாளில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தது, அதில் மூன்று பிடித்தது. பூ எடுக்காத இளம் நுனியாகப் பார்த்து நான்கு அங்குலம், கணுவுக்குக் கொஞ்சம் கீழே வெட்டி, அடி இலைகளை உருவிவிட்டு உச்சியில் நாலைந்து மட்டும் விட வேண்டும். அடியில் ஓட்டை போட்ட காகித டீ கப், அதில் பாதி மணல் பாதி நார்க்கழிவு. மேலே பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து, மூடியைக் கழற்றிவிடுங்கள். வெல்வெட் மாதிரி இலை, ஈரம் நின்றால் அழுகும், அதனால் தினமும் பத்து நிமிடம் பாட்டிலை எடுத்துவிடுகிறேன். வெயில் படாத வெளிச்சம் போதும். நாலாவது வாரம் மெல்ல இழுத்துப் பாருங்கள், உள்ளே யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தால் வேர் வந்துவிட்டது. தண்ணீர் டம்ளரில் வைத்த குச்சி எனக்கு அடி கறுத்துத்தான் போனது.

கற்பூரவல்லியும் இதே துளசிக் குடும்பம்தானே, ஒடித்துச் செருகினால் போதாதா என்பார்கள். கற்பூரவல்லி பிய்த்துப் போட்ட இடத்தில் முளைக்கும். இது அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை. மாறாக ரோஸ்மேரி என்கிற வாசனைச் செடிக்கு இதே முறை அப்படியே சரிப்படும், 2017இல் தாவரவியலாளர்கள் அதையும் சேஜின் சால்வியா பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள்.

வருடத்துக்கு இரண்டு முறை குச்சி வைக்கிறேன்: மழைக்கு முன் ஆகஸ்ட் கடைசியில் ஒன்று, வெயிலுக்கு முன் ஜனவரியில் ஒன்று. பெரிய தொட்டியை அடைமழையில் யார் தூக்குவது, டீ கப் என்றால் சமையலறை ஜன்னலில் உட்கார்ந்துவிடும். தாய்ச்செடி போனாலும் கவலை இல்லை.

இப்போது ஜன்னலில் நாலு கப் இருக்கிறது, ஒன்று எதிர்வீட்டு அக்காவுக்கு என்று பேசியாயிற்று. மாடியில் இருப்பதற்கு இது மூன்றாம் வருடம், அடித்தண்டு விரல் தடிமனுக்கு மரமாகிவிட்டது. அதன் பெரிய இலைகளை நேற்றுப் பறித்துக் கடலை மாவில் முக்கி பஜ்ஜி போட்டோம், பையன் கற்பூரவல்லி பஜ்ஜி என்று நினைத்தே ஆறு தின்றான்.