விர்ச்சுவல்பாக்ஸுக்குள் விண்டோஸ் எக்ஸ்பி: தமிழ் அச்சகத்துக்கு ஒத்துவருமா?

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியாவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ கல்யாணப் பத்திரிகையும் கோவில் நோட்டீஸும் அடித்துக் கொடுப்பவர்களுக்கு இந்தத் தலைவலி புதிதல்ல. "அக்கா கல்யாணத்துக்கு அடிச்ச அதே டிசைன்ல தங்கச்சிக்கும் வேணும் அண்ணே" என்று பழைய வாடிக்கையாளர் வந்து நிற்பார். அந்த ஃபைல் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருக்கும். எழுத்துரு யூனிகோடுக்கு முந்தைய பழைய 8-பிட் தமிழ் எழுத்துரு. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனின் இன்றைய பதிப்பு அந்த ஃபைலைத் திறப்பதில்லை. எக்ஸ்பி ஓடும் பழைய பெட்டியோ, இன்றைக்கோ நாளைக்கோ என்று மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

இதற்கு வழி, எக்ஸ்பியை அப்படியே தூக்கிப் புதிய கணினிக்குள் மெய்நிகர் கணினியாகக் குடிவைப்பது. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாகவே ஓட்டும், ஆரக்கிள் தரும் விர்ச்சுவல்பாக்ஸை, காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு அடைக்கும் வரை, வருடக்கணக்கில் இந்த வேலைக்கு நம்பலாமா என்பதுதான் இங்கே கேள்வி. நம்பலாம். ஆனால் படுத்தால், பெரும்பாலும் படுப்பது எக்ஸ்பி அல்ல. அதைச் சுமக்கும் தாய்க் கணினியும், அதற்கு வரும் கரண்டும்தான்.

முதலில் காசு. விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைத் தொகுப்பு திறந்த மூல மென்பொருள், கடைக்கும் இலவசம். "எக்ஸ்டென்ஷன் பேக்" என்று தனியாக வருவது சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும் இலவசம். வியாபாரத்துக்கு உரிமம் வாங்க வேண்டும். 7.0 பதிப்பிலிருந்து யுஎஸ்பி 2.0 அடிப்படைத் தொகுப்பிலேயே வந்துவிட்டதால், அச்சகத்துக்கு அந்தப் பேக் தேவையே இல்லை. போடாதீர்கள். எக்ஸ்பிக்கு உங்களிடம் இருப்பது பெட்டியில் தனியாக வாங்கிய உரிமமா, பழைய கணினியின் முதுகில் ஒட்டிய ஸ்டிக்கரா என்றும் பாருங்கள். ஸ்டிக்கர் உரிமம் அந்தப் பெட்டியோடு கட்டுப்பட்டது.

புதிதாக எக்ஸ்பி நிறுவும்போது விர்ச்சுவல்பாக்ஸ் கொடுக்கும் முன்னமைவுகளில் கை வைக்காமல் இருப்பதே பாதி வெற்றி. நினைவகம் 1 ஜிபி தாராளம். வட்டு 20 ஜிபி, "ஃபிக்ஸ்டு" அளவில். பின்னால் வீங்கி, தாய்க் கணினியின் வட்டை நிரப்பும் வம்பு இராது. பிராசசர் ஒன்று போதும். ஒன்றை வைத்து நிறுவிவிட்டு அப்புறம் இரண்டாக்கினால் எக்ஸ்பி இரண்டாவதைக் கண்டுகொள்ளாது. கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர் "விபாக்ஸ்விஜிஏ". வட்டுக் கன்ட்ரோலர் ஐடிஇ. வேகமாக இருக்கும் என்று இதை சாட்டாவுக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. எக்ஸ்பியிடம் சாட்டாவுக்கான டிரைவர் கிடையாது. லோகோ ஒரு நொடி தெரியும், உடனே 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை வந்து நிற்கும்.

பழைய பெட்டியின் வட்டை அப்படியே முழுப் பிரதியாகப் படம் எடுத்துக் கொண்டுவந்தாலும் இதே 7பி வரலாம். அங்கே காரணம் வேறு. அந்த எக்ஸ்பிக்குத் தன் பழைய மதர்போர்டின் ஐடிஇ சிப் மட்டும்தான் தெரியும். பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே "மெர்ஜ்ஐடிஇ" என்ற சிறு ரெஜிஸ்ட்ரி ஃபைலை ஓட்டி, பொதுவான ஐடிஇ டிரைவர்களைச் சேர்த்துவிட்டு, அதன் பிறகு "டிஸ்க்2விஎச்டி"யின் பழைய பதிப்பால் படம் எடுங்கள். வரிசை மாறினால் வேலை இரட்டிப்பு.

நிறுவியதும் சர்வீஸ் பேக் 3, அதன் மேல் விர்ச்சுவல்பாக்ஸே தரும் டிரைவர் தொகுப்பான "கெஸ்ட் அடிஷன்ஸ்". இது இல்லாமல் மவுஸ் சிக்கும், திரை சின்னதாகவே இருக்கும், கடிகாரமும் பின்தங்கும். இது இருந்தால் 10 நொடிக்கு ஒருமுறை தாய்க் கணினியின் நேரத்தோடு ஒத்துப்பார்த்துக்கொள்ளும். 20 நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் ஒரே தாவாகச் சரிசெய்துவிடும். எக்ஸ்பியில் நேர மண்டலம் "கோலாலம்பூர், சிங்கப்பூர்" என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பில் தேதி தப்பாக விழுவதற்கு இந்த இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

தாய்க் கணினிக்கு வருவோம். இங்கேதான் சமாசாரமே இருக்கிறது.

விண்டோஸ் 11 ஓடும் புதுக் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸைப் போட்டு எக்ஸ்பியை எழுப்புகிறீர்கள். ஸ்டார்ட் மெனு திறக்கவே யோசிக்கிறது. ஜன்னலின் அடியில், வலது பக்கம் வரிசையாக இருக்கும் சின்னங்களைக் கூர்ந்து பாருங்கள். பச்சை நிறத்தில் ஒரு குட்டி ஆமை தெரிகிறதா? விளையாட்டுக்கு வைத்ததல்ல. பிராசசரின் மெய்நிகர் வசதியை மைக்ரோசாஃப்டின் சொந்த மெய்நிகர் மென்பொருளான ஹைப்பர்-வி முதலில் பிடித்துக்கொண்டதால், விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தோளில் ஏறி ஓடுகிறது என்று அர்த்தம். கணினி எவ்வளவு புதிதாக இருந்தாலும் எக்ஸ்பி ஆமையாகத்தான் நகரும். விண்டோஸ் செக்யூரிட்டியில் "கோர் ஐசொலேஷன்" பகுதிக்குப் போய் "மெமரி இன்டெக்ரிட்டி"யை நிறுத்துங்கள். விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றிலும் டிக்கை எடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். ஆமை போய், நீல நிறத்தில் "வி" வந்துவிட்டால் சரி. மெமரி இன்டெக்ரிட்டியை நிறுத்துவது தாய்க் கணினியின் பாதுகாப்பை ஒரு படி குறைப்பதுதான். ஆகவே அந்தக் கணினியிலேயே வங்கி வேலையும் பார்ப்பவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

அடுத்தது விண்டோஸ் அப்டேட். "ஆக்டிவ் ஹவர்ஸ்" அதிகபட்சம் 18 மணி நேரம்தான். மீதி 6 மணி நேரத்தில் அது தானாக மறுதொடக்கம் செய்தால், உள்ளே ஓடிக்கொண்டிருந்த எக்ஸ்பியை முறைப்படி மூடாமலேயே விழ வைத்துவிடும். காலையில் வந்து பார்த்தால் பட்டியலில் "அபார்ட்டட்" (பாதியில் நின்றது) என்று இருக்கும். இரவில் கடை அடைக்கும்போது எக்ஸ்பியை ஷட்டவுன் செய்யுங்கள், குறைந்தது, இருக்கும் நிலையை அப்படியே சேமித்து நிறுத்தும் "சேவ் ஸ்டேட்"டாவது கொடுத்துவிட்டுப் போங்கள்.

இதற்கென்றே ஒரு கணினி வாங்குவதாக இருந்தால் எங்கள் ஓட்டு லினக்ஸுக்குத்தான். கோலாலம்பூரின் லோ யாட் கணினிக் கடைகளில் கிடைக்கும் சாதாரண அலுவலகக் கணினியே போதும். 8 ஜிபி நினைவகம், ஒரு எஸ்எஸ்டி. டெபியனிலோ உபுண்டுவிலோ ஆமை கிடையாது, கேட்காமல் நடக்கும் மறுதொடக்கமும் கிடையாது. அதற்காக லினக்ஸ் ஒன்றும் சாது அல்ல. செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால், கையொப்பமிடாத விர்ச்சுவல்பாக்ஸ் மாட்யூலை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஏற்காது. 6.12-இலிருந்து வரும் கெர்னல்களில், லினக்ஸின் சொந்த மெய்நிகர் வசதியான கேவிஎம் எழும்போதே பிராசசரின் மெய்நிகர் வசதியைக் கைப்பற்றிக்கொள்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் "விஎம்எக்ஸ் ரூட் மோட்" என்று முறையிட்டு நின்றுவிடலாம். கேவிஎம் மாட்யூலைத் தடுப்புப் பட்டியலில் போட்டால் தீர்ந்தது.

இப்போது கரண்டு. மத்தியானம் மூன்று நான்கு மணிக்கு இடி இடிக்காத கோலாலம்பூர் உண்டா? மின்னல் வெட்டும், சுவிட்சு டிரிப் ஆகும், கடை இருட்டாகும். உண்மையான கணினியில் பேஜ்மேக்கர் "சேவ்" கொடுத்தால், எக்ஸ்பி வட்டைப் பார்த்து "இப்போதே எழுது" என்று கட்டளையிட முடியும். விர்ச்சுவல்பாக்ஸ் அந்தக் கட்டளையை, வேகம் கருதி, முன்னமைவாகவே கண்டுகொள்வதில்லை. போதாததற்கு ஐடிஇ கன்ட்ரோலரில் "யூஸ் ஹோஸ்ட் ஐ/ஓ கேஷ்" டிக்காகியே இருக்கும். நீங்கள் சேமித்ததாக நினைத்த பத்திரிகை தாய்க் கணினியின் நினைவகத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்டு போனால், பேஜ்மேக்கர் ஃபைல் பாதியில் அறுந்துபோகும். இந்தக் கருவியில் எங்களுக்கு உள்ள பெரிய குறை இதுதான். மாற்றும் வசதி அமைப்பு ஜன்னலில் இல்லை. "விபாக்ஸ்மேனேஜ்" கட்டளையின் "செட்எக்ஸ்ட்ராடேட்டா" வழியாக, அந்த வட்டின் "இக்னோர்ஃப்ளஷ்" மதிப்பை 0 ஆக்க வேண்டும். எழுதும் வேகம் கொஞ்சம் குறையும். பத்திரிகை வேலைக்கு அது தெரியவே தெரியாது.

அதோடு ஒரு யுபிஎஸ் கட்டாயம். யுபிஎஸ் இருந்தால் மட்டும் போதாது. அதன் யுஎஸ்பி வயரைத் தாய்க் கணினியில் செருகி, பேட்டரி குறைந்ததும் எக்ஸ்பிக்கு "ஏசிபிஐ ஷட்டவுன்" சமிக்ஞை போகும்படி எழுதிவைக்க வேண்டும். அந்தச் சமிக்ஞை எக்ஸ்பிக்குப் பவர் பட்டனை அழுத்தியது போலத்தான். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் அந்தப் பட்டனுக்கு "ஷட்டவுன்" என்று இல்லாமல் "என்ன செய்யட்டும்?" என்று இருந்தால், யாருமில்லாத கடையில் எக்ஸ்பி கேள்வி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பேட்டரியும் தீர்ந்துபோகும்.

விடாமல் ஓட்டுகிறவர்கள் இன்னொரு எண்ணையும் நினைவில் வையுங்கள்: 49.7 நாள். கணினி எழுந்ததிலிருந்து கடந்த மில்லிநொடிகளை 32-பிட் எண்ணில் எண்ணும் பழைய மென்பொருள்களுக்கு, 49 நாள் 17 மணி நேரத்தில் அந்த எண் நிரம்பி மீண்டும் பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். விண்டோஸ் 95-உம் 98-உம் இதனாலேயே உறைந்தன. எக்ஸ்பி தாங்கும். அதன் மேல் ஓடும் பழைய பில்லிங் மென்பொருள் தாங்குமா என்பது எழுதியவர் கையில். தினமும் ஷட்டவுன் செய்பவர்களுக்குக் கவலையில்லை. "சேவ் ஸ்டேட்" மட்டுமே கொடுப்பவர்கள் மாதம் ஒருமுறை முழுதாக மறுதொடக்கம் செய்யுங்கள்.

இணையம்? கொடுக்கவே கூடாது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-உடன் முடிந்தது. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் தீநிரல் பரவியபோது மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக எக்ஸ்பிக்கும் ஒரு பாதுகாப்பு ஒட்டு (பேட்ச்) வெளியிட்டது. 2019 மே மாதத்தில் இன்னொன்று. அதை நம்பி வாழ முடியாது. நெட்வொர்க் அடாப்டரையே நீக்கிவிடுங்கள். இ-இன்வாய்ஸ், மின்னஞ்சல், வாட்ஸ்அப்பில் வரும் மணமக்கள் படம் எல்லாம் தாய்க் கணினியில் இருக்கட்டும்.

அப்படியானால் ஃபைல் எப்படிப் போய் வரும்? "ஷேர்ட் ஃபோல்டர்". அமைக்கும்போது "ஆட்டோ மவுண்ட்", "மேக் பெர்மனன்ட்" இரண்டிலும் டிக் போடுங்கள். இரண்டாவதை விட்டால் எக்ஸ்பியை மூடியதும் ஃபோல்டர் காணாமல் போகும். பேஜ்மேக்கர் ஃபைலை அந்த ஃபோல்டரிலிருந்து நேரடியாகத் திறக்க வேண்டாம். சி டிரைவுக்குப் பிரதி எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பிப் போடுங்கள்.

தமிழ் எழுத்துருவில் இரண்டு பொறிகள் உண்டு. டிஸ்கி (TSCII) என்ற பழைய தமிழ்க் குறிமுறையில் வந்த இணைமதி போன்ற எழுத்துருவாகட்டும், முரசு அஞ்சலின் பழைய பதிப்பில் தட்டியதாகட்டும், 8-பிட் எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் 128-க்கு மேற்பட்ட இடங்களில் உட்கார்ந்திருக்கும். "ஷேர்ட் கிளிப்போர்ட்" வழியாக எடுத்துவந்து தாய்க் கணினியில் ஒட்டினால் ஐரோப்பிய எழுத்துகளாகக் கொட்டும். 173-ஆவது இடத்தில் உள்ள எழுத்து மாயமாகவும் மறையலாம். புதிய மென்பொருள்கள் அந்த இடத்தை மறைவான இணைப்புக்கோடாக எண்ணுகின்றன. மணமகன் பெயரில் ஓர் எழுத்து மட்டும் விழுங்கப்பட்டு, 500 கார்டு அடித்த பிறகு தெரிந்தால் என்ன ஆகும்? ஆகவே உரையை வெளியே எடுக்காதீர்கள். எக்ஸ்பிக்குள்ளேயே போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர் டிரைவர் போட்டு, ட்ரூடைப் எழுத்துருவை "டவுன்லோட் அஸ் சாஃப்ட்ஃபான்ட்" என்று வைத்து, பிடிஎஃப் ஆக்கி, அதை மட்டும் ஷேர்ட் ஃபோல்டருக்கு அனுப்புங்கள்.

எக்ஸ்பியின் அந்த நேரத்து நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டைப் பலர் பேக்அப் என்று நினைக்கிறார்கள். ஸ்னாப்ஷாட் அதே வட்டில், அதே ஃபோல்டரில்தான் கிடக்கும்; எஸ்எஸ்டி போனால் இரண்டும் சேர்ந்தே போகும். புதிதாக ஏதாவது நிறுவும் முன் ஒன்று எடுங்கள், ஒழுங்காக ஓடினால் அன்றே அழித்துவிடுங்கள். பேக்அப் என்பது எக்ஸ்பியை மூடிவிட்டு, அதன் ஃபோல்டரை முழுதாக வெளி வட்டுக்குப் பிரதி எடுப்பது. ஒரு வட்டு கடையில், இன்னொன்று வீட்டில். எடுத்த பிரதியை வேறொரு கணினியில் எழுப்பிப் பார்ப்பதும் இதில் சேர்த்தி. விர்ச்சுவல்பாக்ஸின் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று செய்தி வந்தால், இந்தப் பிரதி கையில் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

இதே வேலையைச் செய்யும் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ? 2024 நவம்பரிலிருந்து கடைகளுக்கும் இலவசம். அதுவும் எக்ஸ்பியை நன்றாகவே ஓட்டும். எக்ஸ்பிக்கென்று பழைய "வின்ப்ரீவிஸ்டா" கருவித் தட்டைத்தான் போட வேண்டும். ஏற்கெனவே பழகியவர்கள் மாற வேண்டியதில்லை.

பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரச்சினையில்லை. எப்சன் எல்கியூ-310 போன்றவற்றில் யுஎஸ்பியும் இருக்கிறது, யுஎஸ்பி 2.0 கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பிரிண்டருக்கு ஒரு யுஎஸ்பி ஃபில்டர் போட்டால் எக்ஸ்பி எழும்போதே அதைப் பிடித்துக்கொள்ளும். 3.0 கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுத்தால் எக்ஸ்பியிடம் அதற்கு டிரைவர் இல்லை. ஆனால் உங்கள் பழைய தமிழ் மென்பொருள் பேரலல் போர்ட்டில் செருகும் டாங்கிளை (உரிமத்தைச் சரிபார்க்கும் சிறு கருவி) கேட்டால், யுஎஸ்பி-பேரலல் வயர் வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். அந்த வயர் பிரிண்டரிடம் மட்டும்தான் பேசும், டாங்கிளிடம் பேசாது. அந்த ஒரு மென்பொருளுக்காகப் பழைய பெட்டியை வைத்திருக்க வேண்டியதுதான். அதன் மதர்போர்டில் கபாசிட்டர்கள் தலை வீங்கியிருக்கின்றனவா என்று திறந்து பார்த்துவிடுங்கள்.