படத்தின் மூலத்தைத் தேடும் ஸ்கிரிப்ட்: காரைக்குடியிலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மணிவிழா மலர்களும் காலண்டர்களும் வடிவமைப்பது என் தொழில். "எங்கள் வீட்டு வளவுதான், முழுப் பக்கத்துக்குப் போட்டுவிடு தம்பி" என்று ஆச்சிமார் அனுப்பும் படங்களில் பல, வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றி வந்தவை. சாதாரணமாக அனுப்பினால் நீளமான பக்கம் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். அச்சுக்கான 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அது ஐந்தேகால் அங்குலத்துக்குச் சற்று மேல்தான் வரும். பெரிய மூலப் படம் வேண்டும். எடுத்தவர் யார் என்பதும் தெரிய வேண்டும்.

அதற்காக எழுதிய பைத்தான் ஸ்கிரிப்டை (சிறு கணினி நிரல்) சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். டெர்மினலில் படத்தின் பெயரைக் கொடுத்தால் முதலில் எக்ஸிஃப்டூல் ஓடும்; எடுத்த நாள், கேமரா போன்று கோப்புக்குள் பதிந்திருக்கும் தகவல்களைப் படிக்கும் கருவி அது. வாட்ஸ்அப் அந்தத் தகவல்களைத் துடைத்துவிடுவதால் பெரும்பாலும் அங்கே ஒன்றும் தேறாது.

அடுத்தது படத்தின் கைரேகை. படத்தை 9க்கு 8 கட்டங்களாகச் சுருக்கி, நிறம் நீக்கி, பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் எது வெளிச்சம் என்று ஒப்பிட்டு 64 பிட் எண்ணாக்கும். முன்பே மூலம் கண்டுபிடித்த படங்களோடு அந்த எண்ணை ஒப்பிடும். மற்ற ஊர்ப் படங்களுக்கு இது எப்படியோ, செட்டிநாட்டு முற்றங்களிடம் திணறுகிறது. நடுவில் வெளிச்சம், இருபுறமும் தூண் வரிசை, மேலே இருண்ட தாழ்வாரம்: அந்தச் சிறு கட்டங்களில் கானாடுகாத்தானும் தேவகோட்டையும் ஒரே வீடாகிவிடுகின்றன. இடவலம் திருப்பிய படத்தையோ தவறவிட்டுவிடும். அதனால் திருப்பிய வடிவத்துக்கும் ஓர் எண் போடுகிறேன்.

கடைசியாக டின்ஐ (TinEye): படத்தைக் கொடுத்தால் அது இணையத்தில் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடும் தளம். ஸ்கிரிப்டே நேரடியாகத் தேடுவதற்கான அதன் ஏபிஐ கட்டணச் சேவை என்பதால் ஸ்கிரிப்ட் தேடல் பக்கத்தைத் திறந்து கொடுப்பதோடு நிற்கும், படத்தை நான்தான் இழுத்துப் போடுகிறேன். முடிவுகளைப் பழமை வாரியாக வரிசைப்படுத்தலாம், ஆனால் அந்தத் தேதி டின்ஐ அந்தப் படத்தை முதலில் கண்ட நாள். படம் வெளியான நாள் அல்ல. நான் அளவில் பெரியதைத்தான் முதலில் திறக்கிறேன். பிறகு ஓரங்களைப் பார்ப்பேன். நகல்களில் தூணின் அடி வெட்டுப்பட்டிருக்கும்; கீழே தரையின் ஆத்தங்குடிக் கல் இரண்டு வரிசை கூடுதலாகத் தெரியும் படம்தான் மூலத்துக்கு நெருக்கமானது.

குடும்பத்தார் முகம் தெரியும் படங்களை எந்தத் தளத்திலும் ஏற்றுவதில்லை. கட்டடம் மட்டும்தான்.

பொதுப் பயன்பாட்டுக்கான படங்களின் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. உரிம விவரம் அங்கேயே இருக்கும். எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் படத்தின் கீழே சிறிய எழுத்தில் அச்சிட்டுவிடுகிறேன். எங்கும் கிடைக்காவிட்டால் இன்னொரு தேடலில் மாலையைத் தொலைப்பதைவிட, அந்த ஆச்சியிடம் சாவியை வாங்கிக்கொண்டு போய் நானே படமெடுத்துவிடுவது சீக்கிரம்.